பிள்ளைகளைப் பலியிடும் அரசாங்கமும் பள்ளிக்கூடமும்

ஆண்டுதோறும் ஐம்பது பள்ளி வகுப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வகுப்பையும் வெளியுலகத் தொடர்பற்ற ஓரிடத்தில் அடைத்து, பதினைந்து வயதுப் பிள்ளைகளின் கையில் ஆயுதங்களைக் கொடுத்து, ஒருவர் மட்டும் எஞ்சும் வரையில் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும் என்று கட்டளையிடுகிற ஒரு தேசத்தைச் சிருஷ்டித்து, கோஷுன் தகாமி என்ற ஜப்பானியர் எழுதிய நாவல் 'பேட்டில் ராயல்'. பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அவர். இலக்கியப் பரிசு ஒன்றின் இறுதிச் சுற்று வரையில் வந்த அந்தக் கையெழுத்துப் பிரதி, அதன் விஷயம் மிகவும் அருவருப்பானது என்ற அபிப்பிராயத்தால் ஒதுக்கப்பட்டு, 1999இல் வேறொரு பதிப்பகத்தின் வழியாக வெளிவந்து, லட்சக்கணக்கில் விற்றது. அடுத்த ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி அது திரைப்படமாகவும் வந்தது.

படம் திரைக்கு வருவதற்கு முன்பே ஜப்பானியப் பாராளுமன்றத்தில் அதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. இத்தகைய படம் இளம் உள்ளங்களை வன்முறையின் பக்கம் திருப்பிவிடும் என்று அஞ்சியவர்கள் அதனைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றார்கள். பதினைந்து வயது நிரம்பாதவர்கள் பார்க்கக் கூடாது என்று தணிக்கை அமைப்பும் தீர்மானித்தது. கோபே நகரத்தில் 1997இல் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் செய்த கொலைகளும், அவற்றின் பின் தொடர்ந்த சில கொடுங்குற்றங்களும் அந்தத் தேசத்தையே கலங்கச் செய்திருந்த காலம் அது. படம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன், நவம்பர் மாத இறுதியில், சிறுவர்களைக் குற்றவாளிகளாகத் தண்டிப்பதற்கான வயதைப் பதினாறிலிருந்து பதினான்காகக் குறைக்கும் சட்டத் திருத்தமும் நிறைவேறியது. பிள்ளைகளைக் கண்டு பெரியவர்கள் பயப்படத் தொடங்கிவிட்ட ஒரு சமூகத்தில், பெரியவர்களே பிள்ளைகளைக் கொல்லச் சட்டம் இயற்றும் கதை ஒன்று திரைக்கு வந்ததென்றால், அது உண்டாக்கிய கலக்கத்தை நம்மால் விளங்கிக்கொள்ள முடிகிறது. ஆயினும், அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்பதை அன்று கூச்சலிட்டவர்கள் சிறிது நிதானித்துப் பார்த்திருப்பார்களானால், அவர்களுடைய பயம் வேறு திசையில் திரும்பியிருக்கும் என்பது என் எண்ணம்.

இயக்குநர் கின்ஜி ஃபுகாசாகுவுக்கு அப்போது வயது எழுபது. 1930இல் மிட்டோ நகரத்தில் பிறந்த அவர், 1945இல் பதினைந்து வயது மாணவராக, தம் வகுப்புத் தோழர்களோடு ஆயுதத் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தார். யுத்தத்தின் கடைசி மாதங்களில், படிப்பை நிறுத்திவிட்டு மாணவர்கள் ஆலைகளில் உழைக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் உத்தரவு. அந்த ஜூலை மாதத்தில் தொழிற்சாலை பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளானபோது, ஓடுவதற்கு இடமில்லாத பிள்ளைகள் ஒருவர் உடலுக்கு அடியில் மற்றொருவர் புகுந்து உயிரைக் காத்துக்கொள்ள முயன்றதையும், தாக்குதல் ஓய்ந்த பின் இறந்துபோன தோழர்களின் உடல்களை எஞ்சியவர்களே அப்புறப்படுத்த நேர்ந்ததையும், பெரியவர்கள் தமக்குச் சொல்லி வந்தவையெல்லாம் பொய் என்று அந்த நாளில் தாம் உணர்ந்துகொண்டதையும் அவர் பிற்காலத்தில் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். தகாமியின் நாவலைப் படித்தபோது அவருக்கு நினைவு வந்தது அந்தத் தொழிற்சாலைதான். 2003ஆம் ஆண்டு ஜனவரியில் படத்தின் இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டிருந்தபோதே அவர் இறந்துபோக, எஞ்சிய வேலையை அவருடைய மகன் கென்டா முடித்தார்.

நாவலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். சுற்றுலா என்று நம்பிப் பேருந்தில் ஏறிய நாற்பத்திரண்டு மாணவர்கள் வழியில் மயக்கப்படுகிறார்கள். கண் விழிக்கும்போது ஜப்பானின் உள்நாட்டுக் கடலில் உள்ள ஒரு தீவின் பள்ளிக்கூடத்தில், கழுத்தில் உலோகப் பட்டையோடு இருக்கிறார்கள். தப்பி ஓடினால் பட்டை வெடிக்கும். குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் நின்றாலும் வெடிக்கும். இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒருவரும் சாகவில்லையென்றால் எல்லோருடைய பட்டைகளும் ஒருசேர வெடிக்கும். ஆயுதங்களைக் கண்மூடித்தனமாகப் பங்கிடுகிறார்கள். ஒருவனுக்குத் துப்பாக்கி வாய்த்தால் மற்றொருவனுக்குச் சாப்பாட்டு மேசையின் முட்கரண்டி வாய்க்கிறது. கடைசியில் எஞ்சும் ஒரே பிள்ளைக்கு ஆயுள் முழுவதற்கும் அரசாங்கச் செலவில் வாழ்க்கை. இந்தத் தேசத்துக்கு நாவலாசிரியர் இட்ட பெயர் 'மகா கிழக்காசியக் குடியரசு'. 1940களில் ஜப்பானிய ராணுவம் தன் ஆக்கிரமிப்புக்குச் சூட்டியிருந்த 'மகா கிழக்காசியக் கூட்டுச் செழிப்பு மண்டலம்' என்ற பெயரை அது நினைவூட்டாமல் போகாது.

கொலைகளைக் காட்டிலும் என் மனத்தை வருத்திய இரண்டு நிகழ்ச்சிகள் அதில் உண்டு. இரண்டு பெண்கள் குன்றின் உச்சியில் ஏறி நின்று, ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, சண்டையை நிறுத்துங்கள், இங்கே வாருங்கள், எல்லோரும் சேர்ந்து யோசிப்போம் என்று தோழர்களைக் கூவி அழைக்கிறார்கள். அவர்களுடைய அறிவும் தைரியமும் முற்றிலும் சரியானவை. அந்தக் குரல் எழுந்த இடத்தை அடையாளம் கண்டுகொண்ட ஒருவனுடைய துப்பாக்கி அவர்களைச் சுட்டு வீழ்த்துகிறது. இன்னொரு பக்கம், கலங்கரை விளக்கத்தில் ஒன்றாக ஒளிந்து, சமைத்து, பங்கிட்டு உண்டு, ஒருவருக்கொருவர் காவலிருந்து, அந்த நரகத்தின் நடுவிலும் ஒரு சிறு இல்லத்தை அமைத்துக்கொண்ட சிநேகிதிகள், ஒரு தட்டில் விஷம் கலந்தது யார் என்ற சந்தேகம் எழுந்த மாத்திரத்தில், சில நிமிஷங்களில் ஒருவரையொருவர் சுட்டு மாய்கிறார்கள். ராணுவ ஆராய்ச்சி என்பது இந்தப் போட்டிக்கு அரசாங்கம் சொல்லிக்கொள்ளும் காரணம். பக்கத்தில் இருப்பவனை நம்பாதே என்ற பாடத்தைத் தேசத்தின் பிரஜைகள் அத்தனை பேருக்கும் பயத்தின் மூலமாகப் புகட்டுவதே அதன் உண்மையான பிரயோஜனம். ஒருவரையொருவர் நம்பாத ஜனங்கள் ஒன்றுகூடி ஒரு கொடுங்கோலனை எதிர்க்க மாட்டார்கள் அல்லவா?

இவ்வளவும் தெரிந்ததே என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் இந்தக் கதையில் பலரும் போகிற போக்கில் கடந்து செல்லும் ஒரு சிறு செய்தியில்தான் அதன் உயிர்நிலை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். போட்டி தொடங்குவதற்கு முன், அந்த மாணவர்களின் வகுப்பாசிரியருடைய உயிரற்ற உடலைக் கொண்டுவந்து அவர்கள் கண்ணெதிரே காட்டுகிறார்கள். தம் பிள்ளைகளை அனுப்ப மறுத்த மனிதர் அவர். பிள்ளைகளைச் சாவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிற அரசாங்கத்துக்கு முதல் தடையாக நிற்கக்கூடியவர் ஆசிரியர் என்பதும், அவர் இணங்கிவிட்டால் அந்த அரசாங்கத்துக்கு வேறொரு தடையும் இராது என்பதும் இந்த ஒரு காட்சியில் சொல்லப்பட்டுவிடுகின்றன. இடத்தை நிரப்ப வேறொரு ஆசிரியர் வருகிறார். கரும்பலகையில் எழுதி, வகுப்பு நடத்தும் பாவனையிலேயே கொலையின் விதிகளை விளக்குகிறார். தெருவில் திரிகிற பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவது எந்த அரசாங்கத்துக்கும் சிரமம். வருகைப் பதிவேட்டில் வரிசையாகப் பெயரெழுதி, பெரியவர் சொல் கேட்கப் பழக்கி வைத்திருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப் போவது மிகவும் சுலபம்.

கற்பனை இதில் எவ்வளவு குறைவு என்பதை அறிய விரும்புகிறவர்கள் ஒகினாவா தீவின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும். 1945ஆம் ஆண்டின் வசந்தத்தில் அமெரிக்கப் படை அந்தத் தீவை நெருங்கியபோது, அங்கிருந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள், நடுநிலைப் பள்ளிகள், பெண்கள் உயர்பள்ளிகள் என்ற இருபத்தொரு பள்ளிகளையும் சேர்ந்த மாணவ மாணவியர் பள்ளி வாரியாகவே ராணுவத்துக்குத் திரட்டப்பட்டார்கள். மேல்வகுப்புப் பையன்களுக்கு 'இரும்பும் இரத்தமும்' என்று பொருள்படும் பெயர் கொண்ட மாணவர் படை. பதினான்கு, பதினைந்து வயதே ஆன கீழ்வகுப்புப் பையன்களுக்குக் குண்டு மழையின் நடுவே செய்தி சுமந்து ஓடுவதும், அறுந்த தொலைபேசிக் கம்பிகளை ஒட்டுவதும் வேலை. சிலர் வெடிமருந்து மூட்டையோடு கவச வண்டிகளின் மேல் பாயும்படி அனுப்பப்பட்டார்கள். அந்தப் பையன்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் திரும்பி வரவில்லை.

பெண்பிள்ளைகளின் கதை இன்னும் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. ஒகினாவா பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியையும் முதலாவது பெண்கள் உயர்பள்ளியையும் சேர்ந்த 222 மாணவியர், 18 ஆசிரியர்களின் தலைமையில், மார்ச் 23ஆம் தேதி இரவு ஹாயபாரு என்ற இடத்திலிருந்த ராணுவ மருத்துவமனைக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். 'ஹிமெயுரி' மாணவியர் என்று உலகம் இன்று அவர்களை அறிகிறது. செஞ்சிலுவைக் கொடி பறக்கும் கட்டிடத்தில் சில நாள் தாதிப் பணி செய்துவிட்டுத் திரும்பிவிடுவோம் என்று எண்ணிப் பாடப் புத்தகங்களையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு போன பிள்ளைகள், மலைச்சரிவில் தோண்டப்பட்ட குகைகளில், மயக்க மருந்தின்றி வெட்டப்படும் கை கால்களைப் பிடித்துக்கொள்ளவும், அவற்றை வெளியே கொண்டுபோய்ப் புதைக்கவும், குண்டுகளுக்கு இடையே தண்ணீர் கொண்டுவரவும் பணிக்கப்பட்டார்கள். மார்ச் 29ஆம் தேதி இரவு, பீரங்கி முழக்கத்தின் நடுவே, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர்களுக்குப் பட்டமளிப்பு விழாவும் நடத்தப்பட்டது. ஒரு பள்ளிக்கூடம் தன் சடங்குகளை எவ்வளவு பத்திரமாகப் பாதுகாத்துக்கொண்டு, தன் குழந்தைகளை எவ்வளவு பத்திரமின்றி விட்டுவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஜூன் 18ஆம் தேதி இரவு, தோல்வி நிச்சயமான பிறகு, படை கலைக்கப்பட்டது என்றும் இனி அவரவர் தம் பொறுப்பில் நடந்துகொள்ளலாம் என்றும் மாணவியருக்கு உத்தரவு வந்தது. நாலா பக்கமும் எதிரி சூழ்ந்திருக்க, சரணடைவது துரோகம் என்று மூன்று மாதமாகப் போதிக்கப்பட்டிருக்க, பிடிபட்டால் என்னவாகும் என்ற பயங்கரக் கதைகள் காதில் நிறைந்திருக்க, குகையை விட்டு வெளியே துரத்தப்பட்ட அந்தப் பிள்ளைகளுக்கு எந்தத் திசையும் இல்லாமல் போயிற்று. மாண்ட 123 மாணவியரில் பெரும்பாலோர் அந்த உத்தரவுக்குப் பிந்திய சில நாட்களிலேயே மாண்டார்கள். அவர்களோடு ஆசிரியர் 13 பேரும் மாண்டார்கள். அழைத்துச் சென்ற ஆசிரியர்களில் பெரும்பாலோர் அவர்களோடேயே இறந்தார்கள் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அவர்கள் கோழைகளும் அல்லர், கொடியவர்களும் அல்லர். ஆனால் அழைத்துச் செல்லாமல் இருந்திருக்கலாம்.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதினேழு வயதுக்குக் குறைந்த பையன்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்க ஜப்பானியச் சட்டத்தில் அன்று இடமில்லை. ஆகையால் அவர்கள் தாமாக முன்வந்த தொண்டர்கள் என்று ஏட்டில் எழுதப்பட்டார்கள். பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றும் விதி இருந்தது. வகுப்பறையில் ராணுவ அதிகாரி நிற்க, தலைமை ஆசிரியர் பேசி முடிக்க, பக்கத்துப் பெஞ்சிலிருந்தவன் கை தூக்கிவிட்ட பிறகு, நான் வரவில்லை என்று சொல்லப் பதினான்கு வயதுப் பையனுக்கு எத்தனை மன வலிமை வேண்டும்? பிழைத்து வந்த மாணவி ஒருவர் முதிர்ந்த வயதில் சொன்ன சாட்சியம் ஒன்றைப் படித்திருக்கிறேன். பதினாறு வயது வரையில் உன்னை வளர்த்தது சாவதற்கு அல்ல என்று அவருடைய தந்தை தடுத்தாராம். இப்படிப் பேசும் தந்தை தேசத்துரோகியல்லவா என்று வெட்கப்பட்டு, பெருமிதத்தோடு அந்தப் பெண் வீட்டை விட்டுப் புறப்பட்டாராம். தந்தையின் அன்பைத் துரோகமாகக் காணும்படி ஒரு குழந்தையின் மனத்தைத் திருப்பிவிட்ட பின், அந்தக் குழந்தை கொடுக்கும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு இருக்கிறது?

நம்முடைய இதிகாசத்தை எழுதியவர் இந்தக் கேள்வியை அறியாதவர் அல்லர். பாரத யுத்தத்தின் பதின்மூன்றாம் நாள், அர்ஜுனன் வேறு திசையில் இழுத்துச் செல்லப்பட்டிருக்கையில், துரோணர் வகுத்த சக்கரவியூகத்தை உடைக்கும்படி தருமபுத்திரர் பதினாறு வயது அபிமன்யுவைக் கேட்கிறார். உள்ளே நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்று அந்தப் பிள்ளை தெளிவாகவே சொல்லிவிடுகிறான். பின்னாலேயே நாங்கள் வருகிறோம் என்று பெரியவர்கள் வாக்களிக்கிறார்கள். ஜயத்ரதன் வழியை அடைத்துவிட, பிள்ளை மட்டும் உள்ளே நின்று மாள்கிறான். அபிமன்யுவின் வீரத்தைத் தெருக்கூத்தில் பாடி வந்த நாம், அன்று இரவு தருமபுத்திரர் தம்மையே நொந்துகொண்டு அழுத அழுகையை அந்த அளவுக்குப் பாடியதில்லை. தருமத்தின் புதல்வரே ஒரு பிள்ளையின் சம்மதத்தைப் போதுமானதாக எடுத்துக்கொண்டு தவறினார் என்பதல்லவா அந்தப் பகுதி சொல்லும் செய்தி!

அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் 2008இல் வெளியிட்ட 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலிலும் இதே பொருள் வேறு கோலத்தில் வருகிறது. அதில் வறிய வீட்டுப் பிள்ளை ரேஷன் தானியம் வாங்கும்போதெல்லாம் சாவுச் சீட்டுக் குலுக்கலில் அதன் பெயர் இன்னொரு முறை சேர்க்கப்படுகிறது. படைகளில் ஏழைகளின் பிள்ளைகளே அதிகம் நிறைவது எதனால் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் கண்டதில்லை. அந்தக் கதையின் மூன்று விரல் வணக்கத்தை 2014இல் தாய்லாந்திலும், 2021இல் மியான்மரிலும் இளைஞர்கள் ராணுவ ஆட்சிக்கு எதிரான அடையாளமாக உயர்த்தினார்கள். அதற்காகத் தாய்லாந்தில் கைதும் ஆனார்கள். இத்தகைய கதைகள் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

தமிழர்களாகிய நாமும் இதில் வேடிக்கை பார்ப்பவர்களாக இருந்துவிட முடியாது. இலங்கையின் வன்னியில் நடந்த கடைசி யுத்தத்தைப் பற்றி ஐக்கிய நாடுகளின் பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கை, பாதுகாப்பு வலயங்கள் என்று அரசாங்கமே அறிவித்த இடங்களில் ஜனங்கள் மீது குண்டு பொழிந்ததைச் சொல்லும் அதே பக்கங்களில், பதினான்கு வயதுப் பிள்ளைகளைக் கூட விடுதலைப் புலிகள் வலுக்கட்டாயமாகப் படையில் சேர்த்ததையும் சொல்லுகிறது. முதலாவதைப் பேசுகிற நாம் இரண்டாவதைப் பேசக் கூசுகிறோம். நம்முடைய பிள்ளைகள் நம்முடையவர்களால் கொண்டுபோகப்பட்டார்கள் என்பது வேதனையான உண்மை. அதைச் சொல்வதால் முதலாவது குற்றம் எள்ளளவும் குறைந்துவிடாது.

'பேட்டில் ராயல்' திரைக்கு வந்த அதே 2000ஆம் ஆண்டில், மே மாதம் 25ஆம் தேதி, ஆயுதப் போராட்டங்களில் குழந்தைகளை ஈடுபடுத்துவதைப் பற்றிய ஒப்பந்தம் ஒன்றை ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றியது. பதினெட்டு நிரம்பாதவர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கக் கூடாது, நேரடிச் சண்டையில் இறக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஜப்பான் 2004இலும் இந்தியா 2005இலும் அதை ஏற்றுக்கொண்டன. நல்ல ஒப்பந்தந்தான், ஆனால் அரசுகளுக்கு மட்டும் அதில் ஒரு சிறு வாசல் திறந்து விடப்பட்டிருக்கிறது. பெற்றோர் சம்மதத்தோடு தாமாக முன்வருகிற பதினாறு, பதினேழு வயதினரை அரசாங்கப் படைகள் சேர்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்து இன்றும் பதினாறு வயதில் சேர்க்கிறது. பதினெட்டு நிரம்பாதவர்களைப் போர்முனைக்கு அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டு, பதினைந்து பேரை ஈராக்குக்கு அனுப்பிவிட்டதாக அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சு 2007இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2022இல் தொடங்கிய அக்னிபாத் திட்டத்தில் நம் நாட்டில் சேர்வதற்கான வயது பதினேழரை. இந்தப் பையன்களின் நிலைமையும் ஒகினாவாப் பிள்ளைகளின் நிலைமையும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். பதினெட்டு நிரம்பிய பின்பே களத்துக்கு அனுப்புவோம் என்ற உறுதிமொழியை இந்தியா கொடுத்துமிருக்கிறது. ஆயினும், வாக்களிப்பதற்கும் சொத்தை விற்பதற்கும் பக்குவம் போதாது என்று சட்டம் கருதுகிற ஒருவனுக்கு உயிரைக் கொடுக்கச் சம்மதிக்கும் பக்குவம் மட்டும் ஆறு மாதம் முன்னதாகவே வந்துவிடுகிறது என்பதை எந்த நியாயத்தால் நிறுவுவது?

யுத்தம் முடிந்து ஆறாவது ஆண்டில், 1951 ஜனவரியில், ஜப்பானிய ஆசிரியர் சங்கம் கூடி, எங்கள் மாணவர்களை மறுபடியும் போர்க்களத்துக்கு அனுப்ப மாட்டோம் என்பதைத் தன் கோஷமாக ஏற்றுக்கொண்டது. வகுப்பறையில் நின்று வீர உரை ஆற்றியவர்களும், ஊர்வலத்தில் கொடி பிடித்து நடத்தியவர்களும், திரும்பி வராத பெயர்களைப் பதிவேட்டில் அடித்தவர்களும் அந்தச் சங்கத்தில் இருந்தார்கள். அரசாங்கத்தையோ ராணுவத்தையோ மட்டும் குறை சொல்லி அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை; அனுப்பியவர்கள் நாங்கள் என்பதை அந்த ஒரு வாக்கியத்திலேயே ஒத்துக்கொண்டார்கள்.

ஹிமெயுரி மாணவியரில் பிழைத்தவர்கள் 1989 ஜூன் 23ஆம் தேதி தங்கள் தோழியருக்காக ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்து, முதுமை வரையில் அங்கே வந்த பள்ளிப் பிள்ளைகளிடம் நேரில் பேசி வந்தார்கள். நம் தமிழாசிரியர்களும் சரித்திர ஆசிரியர்களும் மேல்வகுப்புகளில் அவர்களுடைய கதையைச் சொல்ல வேண்டும். தகாமியின் நாவலையும் காலின்ஸின் நாவலையும் பிள்ளைகள் கையில் கண்டால் பிடுங்கிவிடாமல், உடன் உட்கார்ந்து பேச வேண்டும். பாராளுமன்றத்தில் நம்மைப் பிரதிநிதித்துவம் செய்கிற உறுப்பினர்கள், அடுத்த முறை படைச் சேர்க்கையைப் பற்றிய விவாதம் வரும்போது, பதினேழரை என்று இருப்பதைப் பதினெட்டு என்று மாற்றும்படி கேட்க வேண்டும். ஆறு மாதத்து வித்தியாசந்தான். பாதுகாப்புக்கு அதனால் ஒரு குறைவும் நேர்ந்துவிடாது.